கேம்பஸ் வாசலுக்குப் போன அரிசி

அப்புத்தளைக்குக் கீழே மூன்று டிவிசன்களாகக் கிடக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு டிவிசன் வேலைநிறுத்தத்தில் இறங்கினால், வேலைக்குப் போகிற மற்ற இரண்டு டிவிசன்களும், நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், லயம் லயமாக அரிசி சேர்த்து அனுப்ப வேண்டும். வேலையை நிறுத்தியவர்கள் அதைப் பெரட்டுக் களத்தில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற அந்த இடத்திலேயே, ஒரே பானையில் பொங்கிச் சாப்பிடுவார்கள். இதற்கு ஸ்ட்ரைக் அரிசி என்று பெயர். வீட்டுக்கு ஒரு சுண்டு அளவு. இல்லாத வீட்டில் ஒரு பிடி. கொடுக்காத வீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஆனால் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு இரண்டு சட்டங்கள். போன அரிசி திரும்பி வரக்கூடாது. மிஞ்சினாலும் போன இடத்திலேயே பொங்கித் தீர்க்க வேண்டும். இரண்டாவது, பக்கத்தில் வந்து நிற்கிறேன் என்று சொன்னவர்களுக்கு ஒரு பங்கு சோறு எடுத்து மூடிவைக்க வேண்டும், அவர்கள் எவ்வளவு தாமதமாக வந்தாலும் சரி. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோதும் எங்களிடமிருந்து அரிசி போனது. அப்போது நான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. சாக்கின் ஒரு மூலையை நானும் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தது நினைவிருக்கிறது.

அம்மா கொழுந்து பறிக்கிறவள், யூனியனில் மாதர் தலைவி. அவள் குரல் மலையின் இந்தப் பக்கத்தில் கிளம்பினால் அந்தப் பக்கத்துக் கங்காணி திரும்பிப் பார்ப்பார். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், தீபாவளிக்கு வருவார். ஆகவே வீட்டிலும் அவள்தான் தலைவி. அவளோடு வாதாடி நான் ஜெயித்ததில்லை. அவளுடைய பிடிவாதம்தான் எனக்கும் என்று லயத்தில் சொல்வார்கள். எனக்கு இருப்பது அதில் கால்வாசி.

நான் அப்போது பதுளை கேம்பஸில் கடைசி வருடம். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை. நான் படித்தபோதும் இல்லை. சமயம் படிப்பிக்கிற டீச்சரே வந்து விஞ்ஞானப் புத்தகத்தை விரித்து வைத்து, “வாசிங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் விஞ்ஞான டீச்சராக வர வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே ஆசை. என் ஆசையும் அதுதான், அவளிடம் காட்டிக்கொள்வதில்லை. தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் பட்டதாரிகளை எடுக்கப் போகிறார்கள் என்று அந்த வருடம் பேச்சு பலமாக அடிபட்டது. பட்டம் கையில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்தலை அறிவித்துவிட்டால் நியமனம் எல்லாம் நின்றுவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ யாருக்குத் தெரியும். தேர்தல் அறிவிப்புக்கு முன்னால் என் கடைசிப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வர வேண்டும். என் வாழ்க்கையே அந்த இடைவெளிக்குள் நின்றது.

நாடு கடன் கட்ட முடியாமல் கையை விரித்த பிறகு அரசாங்கம் வரியில் கை வைத்தது. நல்ல சம்பளம் வாங்குகிறவர்களின் வருமான வரி ஏறியது. கடையில் வாங்குகிற சாமான் மேல் போடுகிற பெறுமதி சேர் வரியும் ஏறியது. முதல் வரி எங்கள் லயத்தில் ஒருவரையும் தொடவில்லை. இரண்டாவது ஒருவரையும் விடவில்லை. அம்மாவின் வரி பால்மா பக்கெட்டுக்குள் இருந்தது, சவர்க்காரத்துக்குள் இருந்தது. அதை எதிர்த்து எந்த வாசலில் போய் நின்று ஸ்ட்ரைக் செய்வது என்று அவளுக்கும் தெரியாது, யூனியன் தலைவருக்கும் தெரியாது.

வரி ஏறியதே ஒழிய கேம்பஸுக்கு வந்த பணம் குறைந்தது. ஆய்வுகூடத்தில் இரசாயனம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒருவர் செய்து காட்ட, மற்றவர்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தோம். விடுதிக் கூரை ஒழுகியது, மழை நாட்களில் கட்டிலை நகர்த்திக்கொண்டே இருப்போம். வெளிநாடு போன விரிவுரையாளர்களின் இடத்துக்கு ஆள் எடுக்க அனுமதி வரவில்லை. இருக்கிறவர்கள் இரண்டு பேரின் வேலையைச் செய்துகொண்டு, கூடிய வரியையும் கட்டினார்கள். அவர்களிடம் நியாயம் இல்லை என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் எங்கள் பரீட்சை நேர அட்டவணையை ஒட்டிய அதே வாரத்தில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

மாணவர் சங்கத்துக்கு அதைவிடக் கோபம். இலவசக் கல்விக்காக நாங்கள் ரோட்டில் கண்ணீர்ப்புகை குடித்தபோது இவர்கள் எங்கே இருந்தார்கள், இப்போது பொக்கெட்டில் கை வைத்ததும் கொடி பிடிக்கிறார்கள் என்று சிங்களத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். விரிவுரையாளர்கள் வாசலுக்கு வலது பக்கம் நின்றார்கள், மாணவர் சங்கம் இடது பக்கம். நடுவில் காவலாளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டுவார்.

அந்த வாரக் கடைசியில் நான் வீட்டுக்குப் போனேன். அம்மா வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, பரீட்ச நேரத்துல வந்து நிக்கிற?”

“படிப்பிக்கிற சேர்மாரெல்லாம் ஸ்ட்ரைக்.”

அவள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள். “எத்தன நாளா?”

“ஒரு கெழமையா.”

“ஐயோ. சாப்பாட்டுக்கு என்ன செய்றாங்க?”

நான் சிரித்துவிட்டேன். “அவங்க சாப்பாட்டுக்கு என்ன கொறச்சல்? வரி கூடிப்போச்சுன்னு ஸ்ட்ரைக் பண்றாங்க. அவங்க கட்டுற வரியே ஒன் சம்பளத்தவிட கூட இருக்கும்.”

“அதுக்காக பசிக்காதா?”

“சம்பளம் வரும்மா அவங்களுக்கு. ஸ்ட்ரைக்கா இருந்தாலும் மாசம் முடிஞ்சா வரும்.”

அவள் என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “வேலைய நிறுத்துனா எந்தத் தொரைடி சம்பளம் குடுப்பான்? அவங்க ஒங்கிட்ட சொல்லிக்க மாட்டாங்க. படிச்சவங்க, கௌரவம் இருக்கும்ல.”

மறுநாள் காலையில் பெரட்டில் அவள் பேசினாள். நம் பிள்ளைக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்கிற ஆட்கள் ஒரு வாரமாக வேலையை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள், ஸ்ட்ரைக் அரிசி போக வேண்டும் என்றாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்றுகூடக் கேட்கவில்லை. மாலைக்குள் இரண்டு சாக்கு அரிசி எங்கள் காம்பராவுக்கு, அந்த ஒற்றை அறை வீட்டுக்கு, வந்துவிட்டது. அரிசி விலை கூடிக் கிடந்த நேரம் அது. சில வீடுகளில் இரவுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டு அரிசியைக் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

“அம்மா, இந்த ஸ்ட்ரைக் நீண்டா எனக்குத்தான் நட்டம். தேர்தல் அறிவிச்சா டீச்சர் வேல போயிரும். நீ அவங்களுக்கு அரிசி குடுத்து இன்னும் நிக்க வைக்கப் போறியா?”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஒனக்கு நட்டம்னு தெரியும். எனக்கும்தான் நட்டம். நீ டீச்சராகி இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வர்றத பாக்கணும்னு எனக்கு ஆச இல்லையா?” சாக்கின் வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். “அதுக்காக ஸ்ட்ரைக்ல நிக்கிறவன் பட்டினி கெடந்து தோத்துப் போகட்டும்னு நெனைக்க முடியுமா? அப்புறம் நான் என்னத்துக்கு மாதர் தலைவி?”

நான் அடுத்த சாக்கின் வாயைப் பிடித்துக் கொடுத்தேன். அதற்கு மேல் பேசினாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள்.

எங்கள் தோட்டத்து யூனியன் தலைவர் வேன் பிடித்துக் கொடுத்தார். அவர் எதையும் சும்மா செய்கிற மனிதர் இல்லை. வேன் ஒரு கட்சிக்காரருடையது, பின் கண்ணாடி முழுக்க வேட்பாளர் ஒருவர் கும்பிட்டுக்கொண்டு சிரித்தார். தேர்தல் இன்னும் அறிவிக்கப்படவில்லை, ஆனால் முகங்களை ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அரிசி இரண்டு சாக்கு, பருப்பு, தேங்காய், கோயில் பெரிய பானை, அம்மாவோடு ஆறு பெண்கள், நான். பதுளை போய்ச் சேரும் வரை அந்தப் பெண்கள் ஸ்ட்ரைக் கதைகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நான் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சாக்குகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கேம்பஸ் வாசலில் வேன் நின்றதுமே இடது பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம் எழுந்தது. கண்ணாடியில் இருந்த முகத்தை மாணவர்கள் பார்த்துவிட்டார்கள். கேம்பஸுக்குள் கட்சி அரிசியா, விரிவுரையாளர்களை விலைக்கு வாங்கவா என்று சிங்களத்தில் கத்தினார்கள். வலது பக்கத்திலும் முகங்கள் இறுகின. விரிவுரையாளர் சங்கத்தின் சார்பில் பேசுகிற ஒரு சேர் முன்னால் வந்து, எந்தக் கட்சியிடமும் நாங்கள் எதையும் வாங்க மாட்டோம், தயவுசெய்து திரும்பிப் போங்கள் என்று ஆங்கிலம் கலந்த சிங்களத்தில் சொன்னார்.

அம்மாவுக்குச் சிங்களம் கடை அளவுக்குத்தான் வரும். அவர் கை அசைந்த விதத்திலிருந்து விரட்டுகிறார் என்பது மட்டும் புரிந்தது. அவள் சாக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் அம்மாவின் முகத்தில் பயத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தொரையிடம் பயப்படாதவள், தன் மகள் படிக்கிற இடத்தில் தவறாக ஏதோ செய்துவிட்டோமோ என்று பயந்தாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ. இது கட்சி அரிசி இல்லை, லயத்து அரிசி என்று சிங்களத்தில் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கத்தினேன். எங்கள் தோட்டத்தில் ஒருவர் வேலையை நிறுத்தினால் மற்றவர்கள் அரிசி கொடுப்பார்கள், நீங்கள் பட்டினியாக இருப்பீர்கள் என்று நினைத்துத் தங்கள் வீட்டுப் பானையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றேன். ட்ரைவர் இறங்கி நகத்தால் அந்தப் படத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். பாதி வந்தது, மீதியில் சிரிப்பும் கும்பிட்ட கைகளும் மட்டும் தங்கிவிட்டன. ஊளை அடங்கியது.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது. எங்களுக்கு இரசாயனம் படிப்பித்த யாழ்ப்பாணத்து சேர் ஒருவர் கூட்டத்திலிருந்து வந்து, அம்மாவுக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அம்மா, நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது பெரிய காரியம். ஆனால் உண்மையைச் சொல்ல வேணும். எங்களுக்குச் சம்பளம் வருகுது. நாங்கள் பட்டினி கிடக்கேல்லை. இந்த அரிசியை நாங்கள் எடுக்கேலாது, உங்கட பிள்ளையளுக்குக் கொண்டு போங்கோ.”

மற்றப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “வேல செய்யாமலேயே சம்பளம் குடுக்கிறாங்களா, சேர்?” என்று ஒருத்தி கேட்டாள். கிண்டலாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“சரிங்க சேர்,” என்றாள் அம்மா. “ஆனா ஸ்ட்ரைக் அரிசிய திருப்பிக் கொண்டு போகக்கூடாதுங்க. எங்க பக்கம் அது வழக்கம் இல்ல. இங்கனயே பொங்கிர்றோம். சாப்பிடுறவங்க சாப்பிடட்டும்.”

மதில் ஓரத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். ஊழியர்களும் வேலைக்கு வராததால் கேம்பஸ் கன்டீன் பூட்டிக் கிடந்தது. தூரத்துப் பிள்ளைகள், வீட்டுக்குப் போகப் பஸ் காசு பார்க்கிறவர்கள், விடுதியில் பிஸ்கட் தின்று வெறும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தார்கள். சோறு வேகிற வாசனை போனதும் அவர்கள் பீங்கான் தட்டோடு வந்தார்கள். ஊளையிட்ட பையன்களில் இருவர் தேங்காய் துருவினார்கள். மாணவர் சங்கத் தலைவன் விறகு தேடிக்கொண்டு வந்தான். விரிவுரையாளர்களில் சிலர் மெதுவாகக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். நின்றவர்கள் எங்களோடு சாப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்து சேர் ரோட்டோர மதகில் உட்கார்ந்து சாப்பிட்டு, தன் பீங்கானைத் தானே கழுவி வைத்தார். அன்று ஒரு வேளை வலது பக்கம், இடது பக்கம் என்று எதுவும் இருக்கவில்லை. எனக்குக்கூடக் கோபம் கொஞ்சம் இறங்கியது.

புறப்படும்போது, முதலில் எங்களைத் திரும்பிப் போகச் சொன்ன அதே சேர் எல்லோருக்கும் முன்னால் பேசினார். அதில் நடிப்பு இல்லை. நாளைக்கு நீங்கள் உங்கள் சம்பளத்துக்காகப் போராடும்போது நாங்கள் வந்து உங்கள் பக்கத்தில் நிற்போம் என்றார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அந்த வாக்கை அம்மா கேட்டது என் வாயிலிருந்துதான்.

பேச்சுவார்த்தைக்கு இணங்குகிறோம் என்று மேலிடத்திலிருந்து ஏதோ வந்து வேலைநிறுத்தம் முடிந்தது. பரீட்சை நடந்தது. நன்றாகவே எழுதினேன். விடைத்தாள்கள் மலையாகக் குவிந்து கிடந்தன, திருத்த ஆட்கள் போதவில்லை. ஒவ்வொரு நாளும் ரேடியோவில் தேர்தல் செய்தி வரும்போது அம்மா என் முகத்தைப் பார்ப்பாள், நான் வேறெங்காவது பார்ப்பேன். கடைசியில் தேர்தலை அறிவித்தார்கள். என் பெறுபேறு அதற்கு அடுத்த வாரம் வந்தது. இரண்டாம் வகுப்பு மேல்நிலை. அம்மா லயம் முழுக்கச் சீனி கொடுத்தாள். நியமனம் நின்றுபோயிருந்தது.

வேட்பாளர்கள் வந்தார்கள். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு, தோட்டப் பிள்ளைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர், தோட்டத் தொழிலாளிக்குக் கூடிய நாட்சம்பளம் என்று பேசினார்கள். மேடைக்கு முன்னால் பட்டத்தோடு நான் நின்றேன். தேர்தல் முடிந்தது, புதியவர்கள் வந்தார்கள், ஆசிரியர் நியமனங்களை எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பதுளையில் ஒரு தனியார் டியூட்டரியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அங்கு வருவது டவுன் பிள்ளைகள். எங்கள் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் சமய டீச்சர்தான் அந்தப் புத்தகத்தை விரித்து வைக்கிறார்.

மேடையில் சொன்ன நாட்சம்பளம் வரவில்லை என்று மூன்று டிவிசன்களும் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தின. அரிசி அனுப்ப ஒரு டிவிசனும் மிச்சமில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்து ரோட்டோரப் பெரட்டுக் களத்தில் பொங்கினார்கள். நான் டியூட்டரிக்கு லீவு சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

போவதற்கு முன்னால் அம்மா சொன்னபடி கேம்பஸுக்குப் போன் எடுத்தேன். யாழ்ப்பாணத்து சேர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டாராம். வாக்குக் கொடுத்த சேர் மரியாதையாகப் பேசினார். பரீட்சை வேலை நடக்கிறது, வர முயற்சி செய்கிறோம், எங்கள் ஆதரவு எப்போதும் உண்டு என்றார். முயற்சி செய்கிறார்களாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அது வருகிறோம் என்றுதான் கேட்டது.

சோறு இறங்கியதும் முதல் வேலையாக ஒரு சட்டியில் தனியாக எடுத்து, மேலே பருப்பு ஊற்றி, வாழை இலையால் மூடி, திண்டின் மேல் வைத்தாள். அது யாருக்கு என்று பக்கத்து லயத்துக்காரி கேட்டாள்.

“கேம்பஸ் சேர்மாருக்கு. வர்றேன்னு சொல்லியிருக்காங்க.”

எல்லோரும் சாப்பிட்டோம். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். பதுளைப் பக்கத்திலிருந்து பஸ் வரும்போதெல்லாம் அம்மா எழுந்து நின்றாள். நானும் பார்த்தேன், பொய் சொல்வானேன். பஸ்கள் நின்றன, ஆட்கள் இறங்கினார்கள், எல்லோரும் எங்கள் ஆட்கள்தான். பிறகு மூடுபனி இறங்கி, ரோடு வளைவு வரை மட்டுமே தெரிந்தது. பெண்கள் பானையைக் கழுவிக் கவிழ்த்தார்கள்.

“வர மாட்டாங்கம்மா,” என்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “வர்றவங்களா இருந்தா எப்பவோ வந்திருப்பாங்க.”

அவள் திண்டிலிருந்த சட்டியை எடுத்துக்கொண்டு வந்து, இலையை விலக்கி, என் முன்னால் வைத்தாள்.

“சாப்பிடு.”

“நான்தான் சாப்பிட்டுட்டேனே.”

“அது லயத்துப் பங்கு. இது கேம்பஸ் பங்கு. நீயும் அங்க படிச்சவதானே.”

சோறு ஆறிப்போயிருந்தது. பருப்பு மேலே ஏடு கட்டியிருந்தது. நாலைந்து பேருக்கு வைத்தது அது. நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். அம்மா பதுளை ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், நான் முழுவதையும் சாப்பிட்டு முடிக்கும் வரை.